385 கஜத்தையும் பங்கு வைக்கலாம்: மராத்தான் நிதி சேர்ப்பு பற்றி ஹாரோ வாசகிக்குப் பதில்

கேள்வி: நான் லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். வயது 43. கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை. என் அப்பாவை அவருடைய கடைசி வாரங்களில் எங்கள் பகுதி ஹாஸ்பிஸ் (குணமாகாத நோயாளிகளைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்ளும் இல்லம்) ஒன்றுதான் பராமரித்தது. அந்த நன்றிக்காக, வரும் ஏப்ரலில் நடக்கும் லண்டன் மராத்தானில் அவர்களுக்குரிய அறக்கட்டளை இடம் ஒன்றைப் பெற்றிருக்கிறேன். 2,000 பவுண்டு சேர்த்துத் தருவதாகக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஓடி முடிப்பேன் என்ற நம்பிக்கை இருக்கிறது, ஆனால் காசு கேட்பதற்குத்தான் கூச்சமாக இருக்கிறது. எங்கள் ஆட்களிடம் கை நீட்டினால் என்ன நினைப்பார்கள்? சாப்பாட்டுப் பார்சல் விற்கலாம், குலுக்கல் நடத்தலாம், சேலை கட்டி ஓடலாம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைச் செய்வது? இடையில் காயம்பட்டு ஓட முடியாமல் போனால் சேர்த்த பணம் என்னாகும்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தந்தையின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். அறக்கட்டளைகளுக்கு நிதி திரட்டும் துறையிலேயே என் வேலை நாட்கள் கழிந்திருக்கின்றன. அந்த அனுபவத்திலிருந்து முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்களிடம் இருக்கும் காரணம் மிக வலுவானது. தென்கிழக்கு லண்டனின் சிடன்ஹாமில் 1967இல் சிசிலி சாண்டர்ஸ் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸிலிருந்து இந்த நாட்டின் நவீன ஹாஸ்பிஸ் இயக்கம் வளர்ந்தது. இன்றும் பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களின் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மட்டுமே அரசு தருகிறது. மிச்சமெல்லாம் பொதுமக்கள் தரும் நன்கொடை, உயில் கொடை, அறக்கட்டளைக் கடை வருமானம், உங்களைப் போன்றவர்களின் ஓட்டம் ஆகியவற்றிலிருந்தே வருகிறது. நம்மவர்களில் பலர் ஹாஸ்பிஸை என்.ஹெச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் மருத்துவமனைப் பிரிவு என்றே எண்ணியிருக்கிறார்கள். உங்கள் தந்தைக்குக் கட்டணம் ஏதும் வாங்காமல் செய்த பணிவிடைக்கு யாரோ முகம் தெரியாதவர்கள் முன்கூட்டியே காசு கொடுத்திருந்தார்கள் என்பதை நீங்கள் எடுத்துச் சொன்னாலே, கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அது புதிய செய்தியாக இருக்கும்.

உங்களுக்குக் கிடைத்த யோசனைகள் எல்லாமே எதையாவது விற்பது அல்லது வேடிக்கை காட்டுவது பற்றியவை. என் கருத்து வேறு. நிகழ்ச்சிகள் கொண்டுவரும் பணத்தைவிட, ஒருவரைப் பெயர் சொல்லி, ஒரு குறிப்பிட்ட தொகையை, ஒரு குறிப்பிட்ட காரணத்துக்காக நேரடியாகக் கேட்பது கொண்டுவரும் பணமே அதிகம். அப்படிக் கேட்பதற்கு நல்லதொரு சாக்கை உண்டாக்கித் தருவதுதான் புதுமையான யோசனையின் வேலை. இதற்கு வரிச் சட்டமும் துணை நிற்கிறது. ஐக்கிய இராச்சியத்தில் வரி கட்டும் ஒருவர் நன்கொடைப் படிவத்தில் கிஃப்ட் எய்ட் என்ற வரிச் சலுகைக்கான பெட்டியில் சரி போட்டு 10 பவுண்டு தந்தால், அறக்கட்டளை அரசிடமிருந்து மேலும் 2.50 பவுண்டு பெற்றுக்கொள்கிறது. அதே 10 பவுண்டை அவர் உங்களிடம் கொத்துரொட்டிப் பார்சலுக்கோ குலுக்கல் சீட்டுக்கோ கொடுத்தால், அது பொருளுக்குக் கொடுத்த விலை, நன்கொடை அல்ல. அரசின் பங்கு அதற்குக் கிடையாது. பார்சலில் மாவுக்கும் இறைச்சிக்கும் பெட்டிக்கும் போன செலவை வேறு கழிக்க வேண்டும். கணக்காய்வில் இருப்பவர் நீங்கள், இந்த வித்தியாசத்தை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே திட்டத்தின் நடுவில் ஒரு நேரடி நன்கொடை யோசனையை வையுங்கள். மராத்தானின் தூரமே அதைத் தருகிறது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கிய ஓட்டம் வைட் சிட்டி விளையாட்டரங்கில் அரச குடும்பத்தின் இருக்கைக்கு முன்னால் முடியவேண்டும் என்று அமைத்ததால், தூரம் 26 மைல் 385 கஜம் ஆனது. 1921இல் அதுவே உலக அளவாக நிலைத்தது. இந்த 26 மைல்களையும் ஒவ்வொன்றாகப் பங்கு வையுங்கள். 50 பவுண்டு தருபவர் ஒரு மைலை எடுத்துக்கொள்ளலாம், அந்த மைலைத் தாம் இழந்த ஒருவருக்கோ தமக்குப் பிரியமான ஒருவருக்கோ உரித்தாக்கலாம். நீங்கள் அந்தப் பெயர்களை வரிசையாக ஒரு நீளமான துணிப்பட்டியில் எழுதிக் கையில் கட்டிக்கொண்டு, அந்தந்த மைல் வரும்போது அந்தப் பெயரைச் சொல்லி ஓடுங்கள். ஒருவருடைய பெயரைக் குறிப்பது நன்கொடையாளர் பெறும் ஆதாயமாகாது என்பதால் கிஃப்ட் எய்டுக்கும் தடையில்லை. இருபத்தாறு மைலுக்கும் ஆள் கிடைத்தால் 1,300 பவுண்டு.

எந்த மைல் யாருக்கு என்பதில் சற்று மெனக்கெடுங்கள். ஆறு மைல் தாண்டியதும் வரும் கட்டி சார்க் கப்பலைச் சுற்றி ஓடும் இடம், பன்னிரண்டரை மைலுக்கு அருகில் வரும் டவர் பிரிட்ஜ் ஆகியவை எல்லோரும் விரும்பிக் கேட்பவை. அவற்றை முதலிலேயே கொடுத்துவிடாமல், சற்றுக் கூடுதலாகத் தரக்கூடியவர்களுக்காக வைத்திருங்கள். டவர் பிரிட்ஜ் தாண்டியதும் வரும் ஹைவே சாலையில், பதின்மூன்றாவது மைலில் ஓடுகிறவர்களும் இருபத்திரண்டாவது மைலில் திரும்பி வருகிறவர்களும் ஒருவரையொருவர் எதிரெதிரே பார்த்துக்கொள்வார்கள். அந்த இரண்டு மைல்களையும் கணவன் மனைவிக்கோ அண்ணன் தங்கைக்கோ சேர்த்துக் கொடுத்தால், அதற்கென்று ஒரு பொருள் இருக்கும். கனரி வார்ஃப் கட்டடங்களுக்கிடையே வரும் பதினெட்டு, பத்தொன்பதாவது மைல்களில் கால் சோரும். உங்களைத் தொலைபேசியில் திட்டித் தேற்றக்கூடிய நெருங்கிய தோழிக்கு அதைக் கொடுங்கள். கடைசி மைல் உங்கள் தந்தைக்கு உரியது, அதை யாருக்கும் விற்க வேண்டாம். முதல் நன்கொடையாக நீங்களே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கிங்காம் அரண்மனைக்கு அருகே 26 மைலும் முடிந்தபின் மிஞ்சும் 385 கஜத்தை நீங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு உங்கள் பிள்ளைகளோ உறவினர் பிள்ளைகளோ போகிறார்கள் என்றால், அதிபரிடம் முறையாக அனுமதி கேளுங்கள். ஒரு பெரிய அட்டையில் குறுக்கே 35, நெடுக்கே 11 என்று கட்டம் போட்டால் சரியாக 385 கட்டங்கள் வரும். ஒரு கட்டம் ஒரு கஜம், ஒரு கஜம் ஒரு பவுண்டு. பிள்ளை தன் பெயரைத் தமிழில் அந்தக் கட்டத்துக்குள் எழுதவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சின்னக் கட்டத்துக்குள் "அபிராமி"யை அடக்க ஒரு பிள்ளை படும் பாட்டைப் பார்க்கப் பெற்றோர் நின்றுவிடுவார்கள், நிற்கும்போது மேசையில் இருக்கும் கியூ.ஆர். குறியீட்டையும் பார்ப்பார்கள். பவுண்டைப் பெற்றோரே தங்கள் கைபேசியிலிருந்து செலுத்தட்டும். பிள்ளைகளின் கையில் காசு கொடுத்தனுப்பச் சொல்ல வேண்டாம், கட்டம் நிரப்பாத பிள்ளை தனித்துத் தெரியும்படியும் எதையும் செய்ய வேண்டாம். சில்லறைக்குச் சிரமப்படும் வீடுகளும் நம்மிடையே உண்டு. அவர்களுக்காக முப்பது, நாற்பது கஜங்களை முன்னமே ஒரு நண்பரைக் கொண்டு வாங்கிவைத்து, எந்தப் பிள்ளையும் பெயர் எழுதலாம் என்று விட்டுவிடுங்கள்.

மைல்களும் கஜங்களும் முழுவதும் போனால் 1,685 பவுண்டு வந்துவிடும். மீதம் 315. இதனால்தான் பெரிய நிகழ்ச்சிகளில் உங்கள் சக்தியைச் செலவழிக்க வேண்டாம் என்கிறேன். எல்லா மைலும் போகாமலும் இருக்கலாம் என்பதால் ஒன்றிரண்டு துணை முயற்சிகள் வேண்டும், அவற்றைப் பின்னால் சொல்கிறேன். கிஃப்ட் எய்ட் தொகை 2,000 பவுண்டு இலக்கில் சேருமா என்பதை ஹாஸ்பிஸின் நிதி அலுவலரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்; பெரும்பாலான அறக்கட்டளைகள் சேர்ப்பதில்லை.

இனி உங்கள் கூச்சம். அது இயல்பானது, நல்ல குணத்திலிருந்து வருவதும்கூட. ஆனால் நீங்கள் கேட்பது உங்களுக்காக அல்ல. உங்கள் தந்தையின் செத்தவீட்டுக்கு வந்தவர்களில் பலர் ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள் என்று மனதாரச் சொல்லியிருப்பார்கள், அன்று உங்களுக்குச் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. இன்று இருக்கிறது. அவர்களுடைய பெயர்களிலிருந்தே உங்கள் பட்டியலைத் தொடங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒரே செய்தியைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் கூச்சமுள்ளவர்கள் வழக்கமாகச் செய்வது; குழுவில் போட்டதைத் தனக்கென்று எவரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆளுக்கு ஒரு செய்தி எழுதுங்கள். இப்படி எழுதலாம்:

"சித்தப்பா, வணக்கம். அப்பாவைக் கடைசிக் காலத்தில் பார்த்த ஹாஸ்பிஸுக்காக நான் ஏப்ரலில் லண்டன் மராத்தான் ஓடுகிறேன். 26 மைலையும் ஒவ்வொருவர் நினைவாக ஓடப்போகிறேன். எட்டாவது மைலை ஆச்சியின் பெயரில் நீங்கள் எடுப்பீர்களா? ஒரு மைலுக்கு 50 பவுண்டு. அதைவிடக் குறைத்துத் தந்தாலும் சந்தோஷம், இப்போது இயலாவிட்டாலும் ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னீர்கள் என்றால் ஆச்சியின் பெயரை எழுதிவிடுவேன்."

இதில் தொகை இருக்கிறது, நாள் இருக்கிறது, மறுப்பதற்கு மரியாதையான வழியும் இருக்கிறது. உங்களால் முடிந்ததைத் தாருங்கள் என்று மட்டும் எழுதினால், எவ்வளவு கொடுத்தால் முறையாக இருக்கும் என்று தெரியாமல் சித்தப்பா அதை நாளைக்கு ஒத்திவைப்பார், நாளை அவர் மறந்துவிடுவார். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை மட்டும் நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அவரை விட்டுவிடுங்கள், அடுத்த கல்யாண வீட்டில் பார்க்கும்போது அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். ஊரில் இருப்பவர்கள், குறிப்பாக நீங்கள் மாதாமாதம் பணம் அனுப்பும் வீடுகளில் இருப்பவர்கள், இந்தப் பட்டியலில் வரக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வசதியாக இருப்பவர்களைக் கேட்கலாம். அவர்கள் இங்கே வரி கட்டாததால் கிஃப்ட் எய்ட் பெட்டியில் சரி போடக்கூடாது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

பக்கத்தைத் திறக்கும் முறையும் முக்கியமானது. 2010 லண்டன் மராத்தானில் ஓடியவர்களின் இணைய நன்கொடைப் பக்கங்களைச் சாரா ஸ்மித், ஃபிராங்க் விண்ட்மையர், எட்மண்ட் ரைட் என்ற மூன்று பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2015இல் கட்டுரை வெளியிட்டார்கள். முன்னர் வந்த நன்கொடைகளின் சராசரி 10 பவுண்டு கூடுதலாக இருந்தால், அடுத்து வருபவர் சராசரியாக 2.50 பவுண்டு கூடுதலாகத் தருகிறார் என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே வெற்றுப் பக்கத்தை ஊருக்குக் காட்டாதீர்கள். முதலில் நீங்கள், பிறகு தாராளமாகத் தரக்கூடிய நாலைந்து நெருங்கிய உறவினர்கள் என்று 50க்குக் குறையாத தொகைகள் பதிவானபின்பே மற்றவர்களுக்கு இணைப்பை அனுப்புங்கள். ஜஸ்ட்கிவிங் போன்ற தளங்களில் பணம் செலுத்தும் கட்டத்தில், நன்கொடையோடு சேர்த்து அந்தத் தளத்துக்கும் விருப்பத் தொகை ஒன்று தரும்படி கேட்பார்கள். அது கட்டாயமல்ல, தொகையைச் சுழியமாக மாற்றலாம். 50 தருகிறேன் என்றேன், அட்டையில் கூடப் போயிருக்கிறதே என்று பெரியவர்கள் மனம் வருந்துவதுண்டு. உங்கள் செய்தியிலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால் அந்த வருத்தம் வராது.

இணையத்தில் கட்டத் தெரியாத, தெரிந்தாலும் விரும்பாத மூத்தவர்களுக்கு ஹாஸ்பிஸிடம் காகித நன்கொடைப் படிவம் கேட்டு வாங்குங்கள். அதில் கொடுப்பவரின் முழுப் பெயர், வீட்டு முகவரி, அஞ்சல் குறியீடு, தொகை, தேதி, கிஃப்ட் எய்ட் குறி எல்லாம் அவரவர் விவரமாக இருக்கவேண்டும். நல்லெண்ணத்தோடே பலர் தவறிழைக்கும் இடம் இது: பலரிடம் சேர்ந்த ரொக்கத்தைத் தன் அட்டையிலிருந்து மொத்தமாகக் கட்டிவிட்டு, தன் பெயரில் கிஃப்ட் எய்ட் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பணம் அவருடையது அல்ல, ஆகவே அந்தக் கோரிக்கை செல்லாது; வரித் துறை கேட்டால் பதில் சொல்ல வேண்டியது ஹாஸ்பிஸ்.

துணை முயற்சிகளில் நான் முதலிடம் கொடுப்பது சேலை விற்பனைக்கு. நம் வீட்டு அலுமாரிகளில் ஒரே ஒரு கல்யாணத்துக்கு உடுத்தியபின் மடித்து வைத்த பட்டுச்சேலைகள் எத்தனை கிடக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு படம் எடுத்து எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பதற்காகவே அவை மறுபடி வெளியே வருவதில்லை. நண்பர்களிடமிருந்து நல்ல நிலையில் உள்ள சேலைகளையும் பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன பாவாடை சட்டைகளையும் இனாமாகக் கேட்டு வாங்கி, பெப்ரவரியில் ஒரு ஞாயிறு பிற்பகலில் யாராவது ஒருவருடைய வீட்டு வரவேற்பறையிலேயே விற்பனைக்கு வையுங்கள். முதலீடு ஒன்றும் இல்லை, மிஞ்சியதை ஹாஸ்பிஸின் கடைக்கே கொடுத்துவிடலாம். விலையை வாய்ப்பேச்சுக்கு விடாமல் சீட்டு எழுதி ஊசியால் குத்திவிடுங்கள். 15, 25, 40 என்று மூன்று விலை போதும். சேலையின் உள்மடிப்பைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மடிப்பு விழுந்த இடத்தில் பட்டு இற்றுப்போயிருந்தால் அதை விற்கக்கூடாது. தையல் தெரிந்த ஒருவர் ஓரமாக உட்கார்ந்து, வாங்கிய சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுத்தால் அதற்குத் தனியாக வாங்கலாம். இந்த வருமானத்துக்குக் கிஃப்ட் எய்ட் கிடையாதுதான், ஆனால் செலவு இல்லாததால் வருவதெல்லாம் வரவு.

சாப்பாடு விற்கத்தான் வேண்டும் என்றால், முன்பதிவு இல்லாமல் ஒரு பார்சல்கூடச் சமைக்காதீர்கள். மண்டபம் எடுத்து விருந்து வைப்பது முதல் தடவை செய்பவர்களுக்கு நட்டத்தில் முடியக்கூடும், மண்டப வாடகையே வருமானத்தை விழுங்கிவிடும். இடியப்பம், சொதி, சம்பல், ஒரு கறி என்று ஒரே வகைப் பார்சலை வைத்து, வியாழக்கிழமைக்குள் பணத்தோடு பதிவு செய்தவர்களுக்கு மட்டும் ஞாயிறு காலையில் கொடுங்கள். ஒவ்வாமை விஷயத்தில் மிகக் கவனமாக இருக்கவேண்டும். இந்த நாட்டின் உணவுச் சட்டம் பெயரிட்டுச் சொல்லும் பதினான்கு ஒவ்வாமைப் பொருட்களில் கடுகும் எள்ளும் இருக்கின்றன. நாம் யோசிக்காமல் தாளிக்கும் கடுகையும், ஊற்றும் நல்லெண்ணெயையும், கோதுமை மா கலந்த பெருங்காயத் தூளையும், சம்பலில் இடிக்கும் மாசிக்கருவாட்டையும் பார்சலின் மேல் எழுதி ஒட்டவேண்டும். எப்போதாவது ஒருமுறை நல்ல காரியத்துக்காகச் சமைப்பவர் உணவு நிறுவனமாகப் பதிவு செய்யவேண்டிய தேவை பொதுவாக இல்லை. ஆனாலும் அடிக்கடி செய்யும் எண்ணம் இருந்தால் ஹாரோ கவுன்சிலைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குலுக்கலைப் பொறுத்தவரை, 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் அதையும் லாட்டரியாகவே கருதுகிறது. சேலை விற்பனை போன்ற ஒரு நிகழ்ச்சியில், அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே சீட்டு விற்று நடத்தும் குலுக்கலுக்கு உரிமம் வேண்டாம். பரிசுகளை இனாமாகப் பெறுவதே சிறந்தது. வாட்ஸ்அப்பில் ஊரெங்கும் சீட்டு விற்பது வேறு வகை, அதற்குப் பதிவு வேண்டும். அந்த வழிக்கே போகாதீர்கள். உண்டியல் ஏந்தித் தெருவில் நிற்பதற்கும் உரிமம் வேண்டும். கடை வாசல், கோயில் மண்டபம் போன்ற தனியார் இடங்களில் உரியவரின் அனுமதி வேண்டும். கோயிலில் உண்டியல் வைப்பதைவிட, பூசை முடிந்தபின் இரண்டு நிமிடம் பேச நிர்வாகத்திடம் அனுமதி கேட்பது நல்லது என்பேன். கோயிலுக்கென்று திரட்டும் நிதியோடு உங்கள் முயற்சி போட்டி போடவும் கூடாது.

உங்கள் அலுவலகத்தை மறந்துவிடாதீர்கள். ஊழியர் சேர்க்கும் தொகைக்கு ஈடாகத் தாமும் ஒரு தொகை தரும் வழக்கம் இங்குள்ள பல நிறுவனங்களில் இருக்கிறது. அதற்கு உச்சவரம்பும் இருக்கும், விண்ணப்பிக்கும் காலமும் இருக்கும்; சில இடங்களில் ஓட்டத்துக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மனிதவளப் பிரிவுக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். உங்கள் 315 பவுண்டு ஒருவேளை அங்கேயே கிடைத்துவிடலாம்.

அடுத்து நான் சொல்லப்போவது நம் சமூகத்துக்கே உரியது, அதைத் தயங்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. புலம்பெயர்ந்த தமிழர்களிடம் பல காரணங்களுக்காகப் பலரும் பல காலமாகப் பணம் திரட்டியிருக்கிறார்கள். கொடுத்த காசு எங்கே போனது என்று தெரியாமலே போன அனுபவம் பலருக்கு உண்டு. உங்களிடம் அவர்கள் காட்டும் தயக்கம் உங்கள் மேல் உள்ள ஐயம் அல்ல, அந்த அனுபவம்தான். அதற்கு மருந்து வெளிப்படையான கணக்கு. ஒரு பவுண்டும் உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் தங்கக்கூடாது. நன்கொடை நேரே ஹாஸ்பிஸின் பக்கத்துக்குப் போகட்டும். ரொக்கம் வந்தால் அன்றே இன்னொருவரை வைத்து எண்ணி, தொகையை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, அடுத்த நாளே செலுத்திவிடுங்கள். விற்பனை முடிந்த இரவிலேயே வரவு, செலவு, செலுத்திய தொகை மூன்றையும் நன்கொடையாளர்களுக்கு அனுப்புங்கள். கணக்காளர் ஒருவர் அனுப்பும் அந்த மூன்று வரிக்கு உள்ள மதிப்பு வேறு எந்த விளம்பரத்துக்கும் கிடையாது.

காலத்தை எப்படிப் பகிர்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்மஸுக்கு முன் பக்கத்தைத் திறந்து முதல் நன்கொடைகளைப் பெற்றுவிடுங்கள். ஜனவரி நடுவில் வரும் தைப்பொங்கலை ஒட்டி மைல்களுக்கான செய்திகளை அனுப்புங்கள். பெப்ரவரியில் சேலை விற்பனையும் கஜ அட்டையும். மார்ச்சில் எதுவும் வேண்டாம். அப்போதுதான் 30 கிலோமீட்டரைத் தொடும் நீண்ட ஓட்டங்கள் வரும், சனிக்கிழமை முழுவதும் பார்சல் கட்டிவிட்டு ஞாயிறு காலையில் அவ்வளவு தூரம் ஓடினால் உடம்பு தாங்காது. ஏப்ரல் 14ஆம் தேதிப் புத்தாண்டு வாழ்த்தோடு, மீதமுள்ள மைல்கள் எவை என்று சொல்லி ஒரு கடைசிச் செய்தி. ஓட்டம் முடிந்த மறுநாளும் கேளுங்கள். ஓடட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தவர்கள் எப்போதும் சிலர் இருப்பார்கள். பதக்கத்தோடு நிற்கும் படத்தைக் கண்டதும் அவர்கள் தருவார்கள்.

சேலை கட்டி ஓடும் யோசனை பற்றி: லண்டன் மராத்தானில் வேடமிட்டு ஓடுபவர்களுக்குக் குறைவே இல்லை, வழியெங்கும் கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கைதட்டுபவர்கள் நன்கொடையாளர்கள் அல்லர், உங்கள் பக்கத்தின் முகவரி அவர்களுக்குத் தெரியாது. 42 கிலோமீட்டருக்குத் துணி உரசினால் தொடையிலும் இடுப்பிலும் தோல் உரியும். மழை பெய்தால் நனைந்த சேலை காலைச் சுற்றும். மனதார விரும்பினால், பயிற்சி ஓட்டங்கள் சிலவற்றை அதே சேலையை அதே விதமாகக் கட்டி ஓடிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். நிதிக்காக மட்டும் அதைச் செய்ய வேண்டியதில்லை.

கடைசியாக, காயம்பட்டால் என்னாகும் என்ற கேள்வி. கொடுத்த பணம் கொடுத்த கணத்திலேயே ஹாஸ்பிஸுக்கு உரியதாகிவிடுகிறது, நீங்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது அங்கேயே இருக்கும். உங்கள் பக்கத்தின் முதல் பத்தியிலேயே இதை எழுதிவிட்டால் பின்னால் யாருக்கும் சங்கடம் இராது. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: இலக்கில் குறையும் தொகையை உங்கள் கையிலிருந்து கட்டவேண்டும் என்று இருக்கிறதா, எந்தத் தேதிக்குள் எவ்வளவு சேர்ந்திருக்க வேண்டும், விலகினால் இடத்தை அடுத்த ஆண்டுக்கு மாற்ற வழி இருக்கிறதா. இந்த விதிகள் அறக்கட்டளைக்கு அறக்கட்டளை மாறுபடும். முழங்காலில் வலி தொடங்கினால் வாரக்கணக்கில் மறைத்து வைக்காமல் ஹாஸ்பிஸின் நிதி அலுவலருக்கு உடனே தெரிவியுங்கள். 2025இல் மட்டும் லண்டன் மராத்தான் ஓட்டக்காரர்கள் 8 கோடியே 73 இலட்சம் பவுண்டு சேர்த்தார்கள். அந்த அளவில் நடக்கும் வேலையில், காயம்பட்டவர்களும் இலக்கை எட்டாதவர்களும் அந்த அலுவலர்களுக்குப் புதியவர்கள் அல்லர். முன்கூட்டியே சொன்னால் காலக்கெடுவை நீட்டுவது பற்றியோ உங்கள் பெயருக்கு மாற்று ஏற்பாடு பற்றியோ அவர்களால் பேச முடியும். ஏப்ரலின் கடைசி வாரத்தில் சொன்னால் அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்